குதிரையின் குளம்பும் கொள்ளுப் பையும்

காஞ்சீபுரத்துக்கு வரும் யாத்திரிகர்கள் வரதராஜப் பெருமாள் சந்நிதியைச் சேவித்த பின் நூற்றுக்கால் மண்டபத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. விஜயநகர காலத்துச் சிற்பிகள் அங்கே வடித்து நிறுத்தியிருக்கும் குதிரைகள் முன்னங்கால்களைத் தூக்கிக் கொண்டு பாய்கின்றன. சேணமும் கடிவாளமும் கழுத்து மணிகளும் கல்லென்று சொல்ல முடியாதபடி அமைந்திருக்கின்றன. பார்ப்பவர்களின் கண் பெரும்பாலும் வீரனுடைய மீசையிலோ, ஓங்கிய வாளிலோ நின்று விடுகிறது. குளம்பைக் குனிந்து பார்ப்பவர் மிகச் சிலரே. ஆனால் குதிரையை விலை கொடுத்து வாங்கத் தெரிந்தவன் முதலில் குனிந்து பார்ப்பது அந்தக் குளம்பைத்தான்.

கல் குதிரைக்கு ஆகாரம் வேண்டியதில்லை, லாடமும் வேண்டியதில்லை. உயிருள்ள குதிரையின் குளம்போ, அது ஒவ்வொரு நாளும் தின்னும் புல்லிலும் தானியத்திலுமிருந்தே வளருகிறது. தீனியில் நேர்ந்த பிழை சில மாதங்களில் காலடியில் எழுதப்பட்டு விடுகிறது. இந்த உண்மையை அறியாததால் நம் தமிழ்நாடு ஒரு காலத்தில் கணக்கற்ற பொன்னை இழந்தது. அந்தப் பழைய கதையையும், இன்றைய மிருக வைத்திய சாஸ்திரம் அதற்குக் கூறும் விளக்கத்தையும் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்வதே நம் நோக்கம். கதை பழையதாயினும், அதன் பயன் இன்று வண்டி இழுக்கும் குதிரைக்கும் அதை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கும் உரியது.

கடல் கடந்து வந்த செல்வம்

தமிழ்நாட்டில் நல்ல குதிரைகள் பெருகியதாக எக்காலத்திலும் பேச்சில்லை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தில் வெண்ணிறப் பிடரியுடைய புரவிகளை நாவாய்கள் கொண்டு வந்து இறக்கியதைச் சொல்லுகிறது. கரிகாலன் காலத்துக் காவிரிப்பூம்பட்டினத்திலும் குதிரைகள் கடல் வழியாகவே வந்தன. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் 'குதிரைச் செட்டிகள்' என்றே ஒரு வணிகக் கூட்டத்தார் காணப்படுகின்றனர். அரிமர்த்தன பாண்டியன் தன் மந்திரியாகிய வாதவூரரிடம் பொன்னைக் கொடுத்துக் குதிரை வாங்கி வரும்படி கடற்கரைக்கு அனுப்பியதையும், அந்தப் பொன் திருப்பெருந்துறையில் சிவன் பணிக்குச் செலவானதையும், நரிகள் பரிகளானதையும் அறியாத தமிழர் இல்லை. அக்கதையைப் பக்தியுடன் கேட்கும் நாம், அதில் ஒரு பொருளாதாரச் செய்தியும் இருப்பதைக் கவனிப்பதில்லை. அரசாங்கத்தின் பொக்கிஷத்தைத் திறந்து, மந்திரியையே நேரில் அனுப்ப வேண்டிய அளவுக்குக் குதிரை அன்று அருமையான சரக்காக இருந்தது.

அந்த வியாபாரம் எவ்வளவு பெரிது என்பதை அயல்நாட்டார் இருவர் எழுதி வைத்திருக்கின்றனர். ஒருவர் பாரசீக சரித்திராசிரியர் வஸ்ஸாப். மற்றவர் 1292-93-ஆம் ஆண்டுகளையொட்டிப் பாண்டி நாட்டுக் கரையைக் கண்ட வெனிஸ் நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ.

வஸ்ஸாப் கூறும் கணக்கு இது: பாரசீக வளைகுடாப் பகுதியிலிருந்து மாபார் என்று அராபியர் அழைத்த நம் சோழ மண்டல, பாண்டி மண்டலக் கரைக்கும் காம்பே முதலிய துறைமுகங்களுக்குமாக ஆண்டுக்குப் 10,000 குதிரைகள் ஏற்றுமதியாயின. அவற்றின் விலை 22 லட்சம் பொன் தினார். அதாவது தலைக்கு 220 தினார். இந்தப் பணம் கோயில் நிலங்களின் வருவாயிலிருந்தும் சென்றதாக அவர் எழுதுகிறார். கீஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் என்பவர் மட்டும் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப உடன்படிக்கை செய்து கொண்டிருந்தார். நடுக்கடலில் குதிரை இறந்தாலும் அதன் விலை பாண்டியனின் பொக்கிஷத்திலிருந்து கொடுக்கப்பட வேண்டும் என்பது நிபந்தனை!

மார்க்கோ போலோ சொல்வது இன்னும் மனத்தை உறுத்துவது. பாண்டிய அரசர்கள் ஐவரும் ஆளுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் ஆண்டுதோறும் வாங்கினராம்; ஆண்டு முடிவில் நூறு கூட உயிரோடு மிஞ்சுவதில்லையாம். இந்நாட்டில் குதிரையைப் பேணத் தெரிந்தவர்களும் லாடம் அடிக்கத் தெரிந்தவர்களும் இல்லை. அயல்நாட்டு வணிகர்கள் லாடக்காரர் எவரையும் தங்களோடு அழைத்து வருவதில்லை, மற்றவர் வரவும் விடுவதில்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். குதிரைகள் மடிய மடிய வியாபாரம் ஓங்கும் அல்லவா? யாத்திரிகர்களின் எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. எனினும் இருவர் வாக்கும் ஒரே திசையைக் காட்டும்போது அதைத் தள்ளி விடவும் முடியாது.

இந்த இழப்பு பாண்டியர்களோடு முடியவில்லை. விஜயநகரத்தைப் பற்றி எழுதிய போர்ச்சுகீசியர் நூனிஸ், ஆண்டுக்கு 13,000 ஹோர்மஸ் குதிரைகளை மன்னர் வாங்கியதாகக் குறிக்கிறார். அதற்கு முன் ஆண்ட சாளுவ நரசிம்மர் காலத்தில், கடலில் இறந்த குதிரையின் வாலை மட்டும் கொண்டு வந்து காட்டினாலும் முழு விலை கொடுக்கப்பட்டதாம். நூற்றுக்கால் மண்டபத்துத் தூண்களில் சிற்பிகள் வடித்த குதிரைகளைப் பார்க்கும்போது, அவர்கள் காலத்து அரசு எதற்காகப் பொன்னை வாரி இறைத்தது என்பது நமக்கு விளங்குகிறது. குதிரைப் படையில்லாத அரசு அன்று அரசே அன்று. 1780-ஆம் ஆண்டு செப்டம்பரில் காஞ்சீபுரத்துக்கு அருகேயுள்ள புள்ளலூரில் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் நிர்மூலமாக்கிய போரிலும் குதிரைப் படையின் பங்கு பெரிது. பின்னர் 1824-இல் கம்பெனியார் ஓசூரில் ராணுவத்துக்கென்று குதிரைப் பண்ணை ஒன்றைத் தொடங்கினர். அது இன்று கால்நடைப் பண்ணையாக இருந்து வருகிறது.

நாற்பது நாள் விருந்து

அத்தனை குதிரைகளும் ஏன் மடிந்தன? இதற்கு வஸ்ஸாபும் மார்க்கோ போலோவும் கூறும் காரணங்களில் தீனியே முன் நிற்கிறது.

வந்து இறங்கிய குதிரைகளுக்குப் பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த வாற்கோதுமையையும், நெய்யிட்ட தானியத்தையும் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைக் குடிக்கச் செய்தனர் என்கிறார் வஸ்ஸாப். கொழுக்க வேண்டும் என்று நாற்பது நாட்கள் லாயத்தில் முளையடித்துக் கட்டிப் போட்டனராம். அதற்கப்புறம் எந்தப் பழக்கமும் கொடாமல் திடீரென்று ஏறி விரட்டினராம். சிறிது காலத்தில் மிகச் சிறந்த குதிரைகளும் தளர்ந்து, மந்தமாகி, ஒன்றுக்கும் உதவாதவையாகி விட்டன. மார்க்கோ போலோவோ, குதிரைகளுக்குச் சோறும் சமைத்த இறைச்சியும் கொடுத்ததைக் கண்டு வியக்கிறார். நல்ல குதிரைக்கும் நல்ல பெட்டைக்கும் பிறக்கும் குட்டியும் கால் கோணிய, உதவாத குட்டியாகவே இருந்தது என்பதும் அவர் குறிப்பு.

இதைக் கேட்டு நம் முன்னோரை மூடர் என்று எண்ணி விடக் கூடாது. சமைத்த ஆகாரத்தைக் குதிரைக்குக் கொடுப்பது பாரத நாட்டில் பழைய வழக்கம். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் குதிரை அத்தியட்சகரைப் பற்றிய அத்தியாயம் இருக்கிறது. அதில் உத்தமக் குதிரைக்கு அரிசி அல்லது வாற்கோதுமையோடு எண்ணெய், உப்பு, மாமிசம், தயிர் முதலியவை அளந்து விதிக்கப்பட்டிருக்கின்றன. சாலிஹோத்திரர், நகுலன் ஆகியோர் பெயரால் அசுவ சாஸ்திரங்கள் வழங்குகின்றன. அன்பினால்தான் நெய்யும் பாலும் ஊட்டினர். விருந்தாளிக்குச் செய்யும் உபசாரத்தையே விலையுயர்ந்த பிராணிக்கும் செய்தனர். ஆனால் மனிதனுக்கு விருந்தாவது குதிரைக்கு விருந்தாகாது.

குதிரையின் வயிற்று அமைப்பே வேறு. அதன் இரைப்பை உடலைப் பார்க்க மிகச் சிறியது. ஒரு நாளில் பதினான்கு பதினாறு மணி நேரம் சிறுகச் சிறுகப் புல் மேய்வதற்கென்று அமைந்தது. நார்ச் சத்தைப் பின்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் புளிக்க வைத்து அதற்குச் சக்தியாக்கித் தருகின்றன. அந்த வயிற்றில் மாவுச் சத்து மிகுந்த தானியத்தை ஒரே வேளையில் குவித்தால் இரண்டு வழியாகக் கேடு வருகிறது. சிறுகுடலில் ஜீரணமாகாமல் வழிந்த மாவு பின்குடலுக்குச் சென்று விரைவாகப் புளித்து அமிலமாகிறது. அங்குள்ள நல்ல நுண்ணுயிர்கள் மடிகின்றன. வேக வைத்த தானியமாயின் சிறுகுடலிலேயே எளிதில் ஜீரணமாகி இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி விடுகிறது. முதல் வழியில் வயிற்று வலி, இரண்டாம் வழியில் கொழுப்பு. இரண்டின் முடிவும் பெரும்பாலும் காலடியில்தான் தெரிகிறது. லாமினைட்டிஸ் என்று மேல்நாட்டு வைத்தியர்கள் பெயரிட்டிருக்கும் குளம்பு அழற்சி நோய் அது.

நாற்பது நாள் அசையாமல் கட்டிப் போட்டு, நெய்த் தானியம் ஊட்டிக் கொழுக்க வைத்து, அதன்பின் ஓட விரட்டுவது என்பது அந்நோயை வேண்டுமென்றே வரவழைக்க எழுதிய முறைபோல் இருக்கிறது. பாண்டியரின் குதிரைகள் இந்த ஒரு நோயால் மட்டும் மடிந்தன என்று நாம் சாதிக்கவில்லை. கடற் பிரயாணத்தின் களைப்பும் நம் நாட்டு வெப்பமும் இருந்தன. ஈ கடியால் பரவும் 'ஸர்ரா' நோயும் குதிரைகளைக் கொல்வது. அதன் கிருமியை 1880-இல் பஞ்சாபில் கிரிபித் எவான்ஸ் என்ற மிருக வைத்தியர் கண்டுபிடித்தார். ஆனால் வலிமை மிக்க குதிரை தளர்ந்து மந்தமாகி ஒன்றுக்கும் உதவாததாகி விட்டது என்ற வஸ்ஸாபின் சொற்களைப் படிக்கும் மிருக வைத்தியர் எவரும் அதன் குளம்பைப் பார்க்க விரும்புவார் என்பதில் ஐயமில்லை.

கோர்வை விட்டால்

குளம்பின் உள்ளமைப்பைக் காஞ்சீபுரத்தாருக்கு விளக்குவது எளிது. இவ்வூர்ப் பட்டுச் சேலையின் பெருமையே கோர்வையில் இருக்கிறது. உடலை ஒரு நாடாவிலும் இரு கரைகளைத் தனித்தனி நாடாக்களிலும் நெய்து, ஒவ்வொரு ஊடையிலும் இழையோடு இழையை மாட்டிக் கோர்க்கின்றனர். சேலை நைந்தாலும் கரை பிரியாது என்று நெசவாளர் பெருமையாகச் சொல்வது இதனால்தான்.

குதிரையின் குளம்பிலும் இத்தகைய கோர்வை ஒன்று இருக்கிறது. வெளியே தெரியும் குளம்புச் சுவர் நம் நகத்தைப் போன்ற உயிரற்ற கொம்புப் பொருள். அதனுள்ளே குதிரையின் விரல் எலும்பு தொங்குகிறது. இரண்டையும் இணைப்பவை சுமார் 550 முதல் 600 வரையுள்ள மெல்லிய இதழ்கள். ஒவ்வோர் இதழிலும் நூற்றைம்பதுக்குக் குறையாத சிற்றிதழ்கள். எலும்பின் பக்கத்து இதழும் சுவரின் பக்கத்து இதழும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பிடித்துக் கொண்டிருக்கின்றன. குதிரையின் உடற் பாரம் முழுவதும் இந்தப் பிடியில்தான் தொங்குகிறது.

அழற்சியில் இந்தக் கோர்வை நெகிழ்கிறது. பாரம் தாங்காமல் எலும்பு சுவரை விட்டுப் பிரிந்து கீழ் நோக்கித் திரும்புகிறது. முற்றிய நிலையில் பாதத்தின் அடியைத் துளைத்துக் கொண்டு வெளிவருவதும் உண்டு. பிரிந்த கரையை மறுபடி நெய்ய முடியாதது போலவே, இதையும் பழைய நிலைக்குக் கொண்டு வருவது அரிது.

இதற்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பு வெகு காலம் விளங்காமல் இருந்தது. 2007-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து ஆராய்ச்சியாளர்கள், யாதொரு நோயுமற்ற மட்டக் குதிரைகளின் இரத்தத்தில் இன்சுலினைத் தொடர்ந்து செலுத்திப் பார்த்தனர். சர்க்கரை அளவு ஏறவோ இறங்கவோ விடாமல் காத்தனர். அப்படியிருந்தும் மூன்று நாட்களுக்குள் அக்குதிரைகளுக்குக் குளம்பு அழற்சி கண்டது. இன்சுலின் மிகுந்து நிற்பதே கோர்வையைக் கெடுக்கப் போதுமானது என்பது இதனால் விளங்கிற்று. நம் வீடுகளில் சர்க்கரை வியாதிக்காரர் இல்லாத குடும்பம் அரிதாகி விட்ட இக்காலத்தில் இதை விரிவாக விளக்க வேண்டியதில்லை. கொழுத்து, வேலையற்று நிற்கும் குதிரைக்கு இன்சுலின் வேலை செய்வது குறைகிறது; உடல் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது; அதற்குரிய தண்டனையைக் கால் அனுபவிக்கிறது. கழுத்தின் மேற்புறம் திண்டு போல் கொழுப்பு மேடிட்டிருப்பதை அழகென்று எண்ணும் குதிரைக்காரர்கள் உண்டு. வைத்தியர் கண்ணுக்கு அது அபாய அறிவிப்பு.

கொள்ளும் எள்ளும், தவிடும் வெல்லமும்

இனி, நம் நாட்டுத் தீவனங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

குதிரை என்றதும் கொள்ளு நினைவுக்கு வருகிறது. அது நல்ல தீவனமே. நூற்றுக்கு 22 பங்கு புரதம் உடையது. கொழுப்பு மிகக் குறைவு. பச்சைக் கொள்ளில் புரதத்தை ஜீரணிக்க விடாத சில பொருள்கள் இருப்பதால், ஊற வைத்து வேக வைத்துக் கொடுக்கும் நம் வழக்கம் சாஸ்திரத்துக்கு ஒத்ததே. ஆனால் அதிலும் மாவுச் சத்து உண்டு என்பதை மறந்து, பை நிறையக் கட்டி விடக் கூடாது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் மாவுக்கு மேல் ஒரு வேளையில் செல்லலாகாது என்பது இப்போதைய நிபுணர்களின் எச்சரிக்கை. 250 கிலோ எடையுள்ள மட்டக் குதிரைக்கு, வேலை செய்யும் நாளில், வேக வைப்பதற்கு முன் அளந்த அரைக் கிலோ கொள்ளு ஒரு வேளைக்குப் போதும்.

பயறு வகைகள் எல்லாவற்றையும் போலக் கொள்ளிலும் ஒரு குறை உண்டு. கந்தகம் கலந்த மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் அதில் குறைவு. குளம்பின் கொம்புப் பொருளாகிய கெராட்டினுக்கோ கந்தகமுள்ள அமினோ அமிலங்களே உறுதி தருபவை. இந்தக் குறையை நிரப்பும் பொருள் நம் செக்கடியிலேயே இருக்கிறது. எள்ளுப் பிண்ணாக்கில் மெத்தியோனின் மிகுதி. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழி இரண்டையும் எதிரெதிராக நிறுத்துகிறது. குதிரையின் குளம்போ இரண்டையும் சேர்த்துக் கேட்கிறது. கொள்ளோடு ஒரு கைப்பிடி எள்ளுப் பிண்ணாக்கு சேர்த்தால் போதும். அது புதியதாக, பூசணம் பிடிக்காததாக இருக்க வேண்டும். பூசணம் பிடித்த பிண்ணாக்கு, அதிலும் கடலைப் பிண்ணாக்கு, ஈரலைக் கெடுக்கும் நஞ்சாகும்.

தவிட்டைப் பற்றிச் சிறிது கடுமையாகவே சொல்ல வேண்டும். மலிவாகக் கிடைப்பதாலும், நனைத்து வைத்தால் குதிரை ஆவலோடு தின்பதாலும் பலர் அதையே முக்கியத் தீனியாக்கி விடுகின்றனர். அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ், சுண்ணாம்புச் சத்தைவிடப் பன்மடங்கு மிகுதி. குதிரைக்கு வேண்டியதோ சுண்ணாம்புச் சத்து ஒன்றரை முதல் இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு. இந்த விகிதம் தலைகீழானால் உடல் தன் எலும்பையே கரைத்துச் சுண்ணாம்பை எடுத்துக் கொள்கிறது. எலும்பு மென்மையாகி, முகம் வீங்கி, கால் நொண்டுகிறது. ஐரோப்பாவில் மாவு மில்லுக்காரர்களின் குதிரைகள் தவிட்டையே தின்று இந்நோய்க்கு ஆளானதால் அதற்கு 'மில்காரர் நோய்' என்று பெயரே ஏற்பட்டது. நம் வைக்கோலிலும் சில வெப்ப நாட்டுப் புற்களிலும் உள்ள ஆக்ஸலேட் என்ற உப்பு, இருக்கும் சுண்ணாம்பையும் கட்டிப் போட்டு விடுகிறது. ஆகவே வைக்கோலும் தவிடுமாகவே வளரும் குதிரைக்கு இரட்டைத் தண்டனை.

இதற்கு மாற்று, பெயரிலேயே குதிரையைத் தாங்கிய குதிரை மசால். சுண்ணாம்புச் சத்தும் புரதமும் நிறைந்தது. மாவு மிகக் குறைவு. அடிப்படைத் தீனியாக விநாயகருக்கு உகந்த அறுகம்புல்லை மிஞ்சியது நம் பக்கத்தில் வேறில்லை. வெள்ளைக்காரர் காலத்துச் சென்னையில் குதிரைக்குப் புல் செதுக்கி வருவதற்கென்றே தனி ஆள் வைத்திருந்தனர். அவன் கொண்டு வந்தது பெரும்பாலும் இந்த அறுகம்புல்தான்.

கடைசியாக வெல்லம். அதில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் சர்க்கரை. திருவிழாவிலும் கல்யாண ஊர்வலத்திலும் குதிரையைக் கண்டால் அன்போடு வெல்லக் கட்டியையும் வாழைப்பழத்தையும் நீட்டுவது நம் வழக்கம். நாள் முழுதும் ஓடி உழைக்கும் ஆரோக்கியமான குதிரைக்கு ஒரு பழம் தீங்கு செய்யாது. ஆனால் ஒரு வீட்டார் ஒரு கட்டியோடு நிறுத்தலாம். ஊர்வலத்தில் இருபது வீட்டார் நீட்டுவார்கள். ஏற்கனவே கொழுத்த குதிரைக்கும், ஒரு முறை அழற்சி கண்ட குதிரைக்கும் இது நஞ்சுக்குச் சமானம். அத்தகைய குதிரைக்குச் சர்க்கரையும் மாவும் சேர்ந்து தீனியின் உலர் எடையில் நூற்றுக்குப் பத்து பன்னிரண்டு பங்குக்கு மேற்படாமல் இருக்க வேண்டும் என்று வைத்தியர்கள் கூறுகின்றனர். உலர்ந்த புல்லை அரை மணி முதல் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி விட்டுக் கொடுத்தால் கரையும் சர்க்கரையில் ஒரு பகுதி போய் விடும். நம் வெயிலில் அதற்கு மேல் ஊறினால் புல் புளித்து விடுமாதலால் உடனே கொடுத்து விட வேண்டும்.

சத்துப் பொடிகளின் உண்மை

குளம்புக்கு உறுதி தருவதாகச் சொல்லிப் பலவிதப் பொடிகள் இப்போது கடைகளில் விற்கின்றன. அவற்றுள் நன்றாகப் பரீட்சிக்கப்பட்டது பயோட்டின் என்ற வைட்டமின். புகழ் பெற்ற லிப்பிஸானர் ஜாதிக் குதிரைகளில், குளம்பு பிளந்து உதிரும் ஆண் குதிரைகளுக்குத் தினம் 20 மில்லிகிராம் பயோட்டின் கொடுத்துச் சோதித்த ஆராய்ச்சி 1995-இல் வெளியாயிற்று. பயோட்டின் பெற்ற குதிரைகளின் குளம்பு, பெறாதவற்றைவிடத் தேறியிருந்தது உண்மை. ஆனால் அந்த வேற்றுமை தெரிய ஒன்பது மாதங்கள் சென்றன.

காரணம் எளிது. குளம்பு மாதத்துக்கு ஆறு முதல் பத்து மில்லிமீட்டர்தான் வளருகிறது. மேலே மயிர் எல்லையில் இன்று உண்டாகும் கொம்புப் பொருள் முன் நுனிக்கு வந்து தரையைத் தொட ஏறக்குறைய ஓர் ஆண்டாகிறது. பட்டுச் சேலையின் முந்தானையில் விழுந்த பிழையை அடுத்த கஜத்தில் திருத்த முடியாதது போல, வளர்ந்து விட்ட குளம்பை எந்த மருந்தும் திருத்துவதில்லை. இனி வளரப் போவதையே திருத்தும். பதினைந்து நாளில் குளம்பை இரும்பாக்குவதாகச் சொல்லும் வியாபாரியிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். குளம்பைச் சுற்றி வளைய வளையமாகத் தெரியும் கோடுகளும் இவ்வாறே கடந்த மாதங்களின் சரித்திரத்தைச் சொல்பவை. அந்த வளையங்கள் முன்புறம் நெருங்கியும் குதிகாற்புறம் அகன்றும் விரிந்திருந்தால், முன்பு அழற்சி வந்து போனதாகச் சந்தேகிக்கலாம். குதிரை வாங்குபவர்கள் நினைவில் வைக்க வேண்டிய அடையாளம் இது.

துத்தநாகமும் தாமிரமும் குளம்புக்கு இன்றியமையாதவை. தினம் ஐந்து கிலோ உலர் தீனி தின்னும் மட்டக் குதிரைக்குச் சுமார் 200 மில்லிகிராம் துத்தநாகமும் 50 மில்லிகிராம் தாமிரமும் தேவை. தாது உப்புக் கலவையால் இதை ஈடு செய்யலாம். எனினும் 'மேலும் மேலும்' என்பது இங்கே பொருந்தாது. செலினியம் என்ற தாதுவைப் பாருங்கள். சிறிதளவு இல்லாவிட்டால் தசை நோய் வருகிறது; சற்று மிகுந்தால் பிடரி மயிர் உதிர்ந்து குளம்பே பிளந்து கழன்று விடுகிறது. பஞ்சாபில் ஹோஷியார்பூர், நவான்ஷஹர் பக்கத்து நிலங்கள் சிலவற்றில் இத்தாது மிகுந்திருப்பதால் கால்நடைகள் இவ்விதம் துன்புறுவது அறியப்பட்ட விஷயம். சீனத்தின் மேற்கு மலைப் பகுதி ஒன்றில் ஒரு பூண்டைத் தின்ற மிருகங்களின் குளம்பு கழன்று விழுந்ததாக எழுதியவரும் நம் மார்க்கோ போலோவே. அது செலினிய நஞ்சுதான் என்று பின்னாளில் பலர் கருதினர். ஆகவே இரண்டு மூன்று பொடிகளை ஒன்றாகக் கலந்து கொடுப்பவர்கள், ஒவ்வொன்றிலும் செலினியம் எவ்வளவு என்று கூட்டிப் பார்ப்பது அவசியம்.

ஊர்வலத்துக் குதிரை

சின்னக் காஞ்சீபுரத்துக்கும் பெரிய காஞ்சீபுரத்துக்கும் இடையே ஜட்கா ஓடிய காலம் போய் விட்டது. நாட்டில் குதிரைகளே குறைந்து வருகின்றன. 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதிலும் குதிரைகளும் மட்டக் குதிரைகளும் சேர்ந்து சுமார் 3 லட்சத்து 40 ஆயிரமே. 2012-இல் இருந்ததைவிட இது நூற்றுக்கு 45 பங்கு குறைவு. எனினும் ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தையில் கத்தியவார், மார்வார் ஜாதிக் குதிரைகள் இன்றும் விலையாகின்றன. சென்னைக் கடற்கரையிலும் கொடைக்கானல், உதகை மலைகளிலும் குழந்தைகளைச் சுமந்து நடக்கின்றன. காந்தி ரோட்டுக் கடைகளில் முகூர்த்தப் பட்டு எடுத்துச் செல்லும் குடும்பங்களில் எத்தனையோ குடும்பங்கள் மாப்பிள்ளை அழைப்புக்குச் சாரட் வண்டி அமர்த்துகின்றன.

அந்தச் சாரட்டுக் குதிரையின் வாழ்க்கையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் கட்டுத்தறியில் நிற்கிறது. முகூர்த்த நாட்களில் இரவெல்லாம் தார் ரோட்டிலும் சிமெண்டுத் தரையிலும் நிற்கிறது. பந்தி முடிந்ததும் மிச்சமான சோற்றையும் லட்டையும் யாரோ இரக்கப்பட்டு முன்னால் கொட்டுகின்றனர். கட்டிப் போட்ட நாட்களும், விருந்தும், திடீர் உழைப்பும் சேர்ந்தால், வஸ்ஸாப் எழுதிய நாற்பது நாள் விருந்து நம் கண் முன்னே மறுபடி நடப்பதாகவே கொள்ள வேண்டும். அன்று நஷ்டமடைந்தது பாண்டியனின் பொக்கிஷம். இன்று நஷ்டமடைவது, கடன் வாங்கிக் குதிரை பிடித்த ஒரு ஏழைக் குடும்பம். வலியைத் தாங்குவது அன்றும் இன்றும் வாயில்லாப் பிராணிதான்.

எனவே குதிரை வைத்திருப்போருக்குச் சில வார்த்தைகள். 250 கிலோ எடையுள்ள மட்டக் குதிரைக்கு நாளொன்றுக்கு நான்கைந்து கிலோ உலர்ந்த புல், அல்லது பதினைந்து இருபது கிலோ பசும்புல் முதலில் கொடுங்கள். தானியம் அதன் பிறகு. 25 கிராம் உப்பும் எந்நேரமும் சுத்தமான தண்ணீரும் வேண்டும். வேலையில்லாத நாளில் கொள்ளை நிறுத்தி விட்டுப் புல்லை மட்டும் போடுங்கள். தீனியை மாற்றுவதாயின் பத்து நாட்களில் சிறுகச் சிறுக மாற்றுங்கள். ஆறு எட்டு வாரங்களுக்கு ஒரு முறை தேர்ந்த ஆளைக் கொண்டு குளம்பைச் சீவுங்கள். சீவாத குளம்புக்குச் சத்துப் பொடி கொடுப்பது வீண் செலவு.

குதிரை முன்னங்கால்களை நீட்டிப் பின்னால் சாய்ந்து நின்றாலும், கால் மாற்றி மாற்றி வைத்தாலும், திரும்ப மறுத்தாலும், குளம்பு சூடாக இருந்தாலும், அது சோம்பல் என்று எண்ணிச் சாட்டையை எடுக்காதீர்கள். தானியத்தை உடனே நிறுத்தி, நடக்க விடாமல், ஆழமான மணலில் நிறுத்திக் குளம்பைக் குளிர்ந்த நீரால் நனைத்து, அருகிலுள்ள கால்நடை வைத்தியருக்குச் சொல்லி அனுப்புங்கள். அன்று செய்யும் உதவிக்கு உள்ள மதிப்பு மறுநாள் செய்வதற்கு இல்லை.

சாரட் அமர்த்தும் குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். ஊர்வலத்துக்குச் செலவிடும் பணத்தோடு ஒப்பிட்டால் ஒரு கட்டு அறுகம்புல்லின் விலை ஒன்றுமில்லை. குதிரை வந்து நின்றதும் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கட்டுப் புல்லும் வைக்கச் சொல்லுங்கள். குழந்தைகள் லட்டை நீட்டினால், அது குதிரையின் காலை நோகச் செய்யும் என்று எடுத்துச் சொல்லி, அவர்கள் கையில் ஒரு பிடி புல்லைக் கொடுங்கள். குதிரைக்கு அதுவே கல்யாண விருந்து.